சம்பந்தியம்மாவுக்குப் பெரிய மீன்

இன்ஜின் நின்றது. முந்தின நாளிலிருந்து படபடவென்று குட்டைத் தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருந்த சத்தம் ஓய்ந்ததும், கரையில் நின்ற கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டது. முழங்கால் ஆழச் சேற்றில் நின்ற என் அண்ணன் சவரிமுத்து குனிந்து, இரண்டு கைகளாலும் துழாவி, எதையோ இறுக்கிப் பிடித்துத் தூக்கினார்.

முதலில் அவர் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. கனம் அப்படி. விரால்தான் என்று நினைத்துவிட்டார். சேற்றை வழித்துவிட்டுப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

கையில் இருந்தது கறுப்பாக இருந்தது. முதுகெல்லாம் ஓடு. வாய் முகத்துக்கு அடியில் வட்டமாக இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம். மீன் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்தச் சக்கர் மீன்.

"பிலோமி! இது ஒன் கடை மீனுல்ல?" என்று அண்ணன் சேற்றிலிருந்தே கத்தினார்.

கரையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பிலோமினா. ஒரத்தநாட்டில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதை அவர் சொல்லக் கூடாது.

பந்தியில் உட்காராதவர்

அன்றைக்கு அந்தக் குட்டையை இறைத்ததற்குக் காரணம் அண்ணன் மகள் ஜெனி.

ஜெனி தஞ்சாவூரில் நர்ஸ். அங்கே வேலை பார்த்த ரெக்ஸ் என்ற பையனை விரும்பினாள். பையன் அதிராம்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமம். இரண்டு குடும்பத்துக்கும் மாதா கோயில்தான். ஆனாலும் கடற்கரைக்காரர்களுக்கு வயல்காட்டு ஜனங்கள் என்றால் ஒரு இளக்காரம். வயல்காட்டு ஜனங்களுக்கும் கடற்கரை என்றால் ஒரு இளக்காரம்தான், பொய் சொல்வானேன். எப்படியோ பேசி, கெஞ்சி, கோயிலில் கல்யாணம் நடந்தது.

பையனின் அப்பா கல்யாணத்துக்கே வரவில்லை. அம்மா அந்தோணியம்மாள் வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார். பந்தியில் அவருக்காகப் போட்ட இலை அப்படியே கிடந்தது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்தால்தான் உறவு. சாப்பிடாமல் எழுந்து போனால், நீ வேறு, நான் வேறு என்று வாய் திறக்காமல் சொன்னதாக அர்த்தம். சண்டை போட்டிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பார். அந்த இலையைச் சுருட்டி எடுக்கும்போதுதான் அழுதார்.

ஜெனி போன் செய்யும்போதெல்லாம், "நல்லாருக்கேன் அத்தை" என்பாள். மாமியார் வீட்டுக்குப் போனால் யாரும் திட்டுவதில்லை. யாரும் பேசுவதும் இல்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்களாம். அந்தப் பிள்ளை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஈஸ்டர் முடிந்த பிறகு ஒருநாள், தெய்வாதீனமாக, ரெக்ஸ் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வருகிறார், மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்றான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போனைக் கொடுக்கச் சொல்லி, சம்பந்தியம்மாவிடமே பேசிவிட்டார். பேசியதோடு நிறுத்தினாரா?

"எங்க பண்ணைக்குட்டையில வெறாலு கெடக்குங்க. ஒவ்வொண்ணும் மொழ நீளம் இருக்கும். இருக்குறதுலயே பெருசாப் பாத்து ஒங்க எலையில போடுறேன், வாங்க!"

கடலில் கிடைக்கும் மீனையெல்லாம் பார்த்த பொம்பிளையிடம் குட்டை மீனின் நீளத்தைச் சொல்லிப் பெருமையடிக்கிற ஆள் எங்கள் அண்ணனாகத்தான் இருக்க முடியும்.

"எதுக்கும் மார்க்கெட்டுல வஞ்சிரமும் வாங்கி வச்சிருவோமே" என்று அண்ணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஏன், எங் குட்டையில மீனு இல்லியா?" என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

பெரிய மீன் யாருக்கு

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்துப் பிழைத்தவர்கள். பண்ணை வீட்டுக் குளத்தைக் கோடையில் இறைப்பார்கள். சேற்றில் இறங்கித் துழாவுவது எங்கள் தெரு ஆட்கள். பிடித்ததில் பெரியதெல்லாம் பண்ணை வீட்டுக்கு. விரல் நீளக் கெண்டை, கெளுத்தி, உளுவை இதெல்லாம் எங்களுக்கு.

அண்ணன் ஒருமுறை ஒரு பெரிய விராலைப் பிடித்துவிட்டார். அவருக்கு அப்போது மீசை முளைக்காத வயது. நழுவிவிடாமல் இருக்கச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினார். பண்ணையின் காரியக்காரர் சிரித்துக்கொண்டே வந்து, சட்டைக்குள் கையை விட்டு மீனை எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு கை பொடிமீனை அள்ளி அண்ணனின் சட்டை மடியில் போட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. தட்டிக்கூடக் கொடுத்தாராம்.

அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. குழம்பு கொதிக்கும் வாசனை வீடு முழுக்க இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் நன்றாகச் சாப்பிட்டேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

பிறகு அவர் டிராக்டர் ஓட்டினார், அறுவடை மிஷின் ஓட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கினார். வாங்கிய நிலத்தின் மூலையில் முதலில் வெட்டியது இந்தப் பண்ணைக்குட்டைதான். வயலுக்குத் தண்ணீர் தேக்கத்தான் என்று ஊரிடம் சொன்னார். எனக்குத் தெரியும். அவருடைய குட்டையில், அவர் பிடிக்கிற பெரிய மீன், அவர் சொல்லுகிறவர் இலைக்குப் போக வேண்டும். அவரைப் பிடிவாதக்காரர் என்று நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

விரல், சாண், முழம்

சரி, சேற்றுக்கு வருகிறேன்.

முதல் மீனுக்குப் பின்னாலேயே வரிசையாக வர ஆரம்பித்தன. தொட்ட இடமெல்லாம் சக்கர். குஞ்சும் இருந்தது, கிழமும் இருந்தது. சாக்கில் போட்டபோது ஓடும் ஓடும் உரசிக் கடகடவென்றது. தண்ணீர் வற்றியதும் கரையின் உள்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

"எலி வளைன்னுல்ல நெனச்சேன்!" என்று அண்ணன் தலையில் கைவைத்தார். சேற்றுக் கையோடு வைத்துக்கொண்டார்.

விரால்? மூலையில் இரண்டு கிடைத்தன, விரல் தடிமனில். அவையும் பட்டினி கிடந்த மாதிரி இருந்தன.

பக்கத்து வயல்காரர் வீரையன் சும்மா இருப்பாரா? "மீன் கடைக்காரவுங்க அண்ணன் குட்டையில மீனுக்கா பஞ்சம்! ஏம்மா பிலோமி, தொட்டியத் தொடைக்கிற மீனுன்னு வித்தியே, இப்ப ஊரையே தொடைச்சிரும் போலருக்கே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சக்கர் என்று ஒரே பேரில் விற்கிறோமே தவிர, அதில் பல ஜாதி உண்டு. போன வாரம் கடைக்கு வந்த வாசகி ஒருவரும், "அது எவ்வளவு பெருசாகும்?" என்று கேட்டார். எது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஓட்டோ என்று ஒரு பொடியன் இருக்கிறான். முழுசாக வளர்ந்தாலும் சுண்டுவிரலின் இரண்டு கணுவைத் தாண்டமாட்டான். தொட்டிச் செடியின் இலையில் ஒட்டிக்கொண்டு தானுண்டு தன் பாசியுண்டு என்று இருப்பான்.

அடுத்தது, பொன் நிறத்தில் ஒல்லியாக வரும் சைனீஸ். சின்னதில் பார்த்தால் கொஞ்சத் தோன்றும். ஒரு சாண் வளர்ந்தபின் ரவுடி ஆகிவிடும். பாசியை விட்டுவிட்டு அடுத்த மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும்.

மூன்றாவது மீசை சக்கர். ஆணுக்கு மூக்கு முழுக்க மீசை தொங்கும். எவ்வளவு தீனி போட்டாலும் ஒரு சாணுக்குள் நின்றுவிடும். சக்கரில் என் கடையில் விற்பது இது மட்டும்தான்.

நம்முடைய ஆற்றிலேயே இப்படி ஒரு மீன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கல்லணைக்குக் கீழே தண்ணீர் இறங்கும் நேரத்தில் பாறையைப் பார்த்தால், தாடைக்கு அடியில் இருக்கும் வட்டத்தால் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதுவும் சாண் நீளத்துக்கு மேல் போகாது. அதற்கு ஓடும் கிடையாது, ஆர்ப்பாட்டமும் கிடையாது.

கடைசியாகத்தான் பெரிய சக்கர். குஞ்சில் தீக்குச்சி நீளம்தான் இருக்கும். மீசை சக்கர் குஞ்சையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கடைக்காரரே தடுமாறுவார். வளர விட்டால் ஒரு முழத்தைத் தாண்டும். வாங்கிப்போனவர் தொட்டியோ இரண்டு முழம். திரும்ப இடமில்லாமல் அது வாலை அடிக்கும், தண்ணீர் சோபாவில் விழும்.

நான் கடை வாங்கிய பிறகு, பழைய முதலாளி விற்றுவிட்டுப் போன பெரிய சக்கர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாத்தியார் ஒருவர் ஆட்டோவில் பக்கெட்டோடு வந்து இறங்கினார். தலை உள்ளே, வால் வெளியே.

"குட்டி மீனுன்னு சொல்லிக் குடுத்தாங்களே!" என்றார்.

"குடுக்கும்போது குட்டிதான் சார். நீங்களும் பொறக்கும்போது குட்டிதான்" என்றேன். அவர் அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை. மீன் மட்டும் கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தத் தொட்டிக்கு முதியோர் இல்லம் என்று பேர் வைத்திருக்கிறார்.

பக்கெட்டோடு கடைக்கு வருகிறவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள், பாவம், கொல்ல மனசு வராமல், ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆற்றில் விட்டது வாய்க்காலுக்கு வரும். மழையில் வாய்க்கால் வழிந்தால் அண்ணன் குட்டைக்கு வரும். வந்து, கரையில் வளை தோண்டிப் பெருகி, விரால் முட்டையையும் தின்றுவிடும்.

இதையெல்லாம் அன்றைக்கு நிதானமாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சாக்கை உதறி விரித்து, மீன்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாகக் கிடத்தினேன்.

"வீரையண்ணே, வாயால பாக்காம கண்ணால பாருங்க. நான் விக்கிறது மீசை சக்கரு. இதுல எதுக்காச்சும் மீசை இருக்கா?"

"பொட்டைக்கு மீசை இருக்காதுல்ல?" என்றார் அவர். விடாக்கண்டன்.

"இருக்காது. ஆனா ஆணோ பொண்ணோ ஒரு சாணுக்கு மேல போவாது. இது என்ன நீளம்? ஒங்க கைய வைங்க இதும்மேல. வைங்கங்குறேன்!"

அவர் முழங்கையை மீன் பக்கத்தில் வைத்தார். மீன்தான் நீளம். கூட்டம் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தது. முதுகுத் துடுப்பை விரித்து, "இம்மாம் பெரிய துடுப்பு மீசை சக்கருக்கு ஏது?" என்று அதையும் காட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

நிமிர்ந்தால் கரையில் ஒரு ஆட்டோ நிற்கிறது.

ஆட்டோவில் வந்த தூக்கு

மத்தியானம் வருவதாகச் சொன்னவர் முன்கூட்டியே வந்துவிட்டார். வீட்டில் ஆள் இல்லாததால் ஆட்டோக்காரர் சத்தம் கேட்ட பக்கம் ஓட்டி வந்துவிட்டாராம். முன்னால் ரெக்ஸும் ஜெனியும் இறங்கினார்கள். பின்னால் சம்பந்தியம்மா. நல்ல உயரம். பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலை.

கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு.

கை நனைக்க விருப்பமில்லாதவர்கள் இப்படித்தான் வருவார்கள். பத்தியச் சாப்பாடு, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தங்கள் சோற்றைத் தாங்களே கொண்டுவந்து, நம் வீட்டுத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். வராமல் இருந்திருக்கலாம். வந்து, நம் கண்முன்னால் அந்தத் தூக்கைத் திறந்து சாப்பிட்டால் ஜெனிக்கு அப்புறம் என்ன கதி?

அவர் தூக்கை ஆட்டோ சீட்டிலேயே வைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஜெனி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, சோறு கொண்டாந்துட்டாங்க போலருக்கு. நாங்க கோயில்ல போயி ஏத்திக்கிட்டதுலேருந்து மடியிலேயே வச்சிருந்தாங்க" என்றாள்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லாத" என்றேன். வேறென்ன சொல்ல?

அண்ணன் சேறும் சகதியுமாக மேலே ஏறி வந்தார். அந்தப் பெரிய சக்கர் இன்னும் அவர் கையில் இருந்தது. கீழே போடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"வாங்க சம்பந்தி" என்றார்.

"வர்றேங்க. எங்க, வெறாலு?"

"இல்லைங்க." அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. "மொழ நீளம்னு சொன்னேன். மொழ நீளம் இருக்கு, வெறாலுதான் இல்ல. இதான் கெடக்கு குட்டை பூரா."

அண்ணி பதறிப்போய் நடுவில் வந்தார். "பத்து நிமிசம் இருங்க சம்பந்தியம்மா. ஒரத்தநாடு மார்க்கெட்டுல நல்ல வஞ்சிரம் இருக்கும், இப்பவே ஆளு அனுப்பி..."

சம்பந்தியம்மா அண்ணியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரத்தநாடு மார்க்கெட்டுல இருக்குறது, முந்தாநாளு எங்க கரையில ஏலம் போன மீனு. நான் ஏலம் விட்டு அனுப்புன மீனுக்கு ஐசு வச்சு எனக்கே போடுவீங்களா?"

அது கேலியா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாதாவே, இந்தப் பொம்பிளை இப்படியே திரும்பி ஆட்டோவில் ஏறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு வைத்து, அண்ணன் கையிலிருந்து மீனை வாங்கினார்.

ஓட்டுக்குள்ளே

"இத யாரும் திங்கிறதில்லையா?" என்று சம்பந்தியம்மா என்னைக் கேட்டார்.

இத்தனை வருஷம் சக்கர் விற்றிருக்கிறேன். கண்ணாடி துடைக்கும் துணியை யாராவது தின்பார்களா? அப்படித்தான் அதை நினைத்து வைத்திருந்தேன். "இது தொட்டி மீனுங்க. நம்ம பக்கம் யாரும் சாப்புட்டு நான் பாத்ததில்ல. வேற நாட்டுல ஓட்டோட சுட்டுத் திங்கிறாங்கன்னு கேள்வி."

"எங்க பக்கம் கிளாத்தின்னு ஒண்ணு இருக்கு. தோலு உப்புத்தாள் மாதிரி. நாங்க சின்னப் புள்ளையில வலையில வந்தா காலால எத்திவிடுவோம். இப்ப தோல உரிச்சிட்டுப் போட்டா வாங்க அடிச்சிக்கிறாங்க." மீனைப் புரட்டி வயிற்றை அமுக்கினார். "அருவா இருக்கா?"

"சம்பந்தியம்மா, பட்டுச்சேலை!" என்றார் அண்ணி.

"சேலைய அலசிக்கலாம். பசி வந்திருச்சு எனக்கு."

பசி வந்திருச்சு என்றாரே, அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் துண்டு மூடிய தூக்கு ஆட்டோவில் அப்படியே இருந்தது. மீதி உயிர் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது.

"பக்கத்துத் துடுப்புல கைய வைக்காதீங்க. முள்ள விரிச்சுக்கிட்டா மடக்க முடியாது" என்று நான் சொன்னேன். அவர் உடனே தலைப்பக்கம் பிடியை மாற்றினார். வயிற்றைக் கீறினால் குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. "வவுறு பூரா கொடலுதான்!" என்று முகத்தைச் சுளித்தார். வயிற்றுக்குள் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் திணித்தோம். வீட்டுக்குப் பின்னால் கொட்டாங்கச்சியையும் தேங்காய் மட்டையையும் எரித்துத் தணலாக்கி, ஓட்டோடு அப்படியே அடுக்கினோம். அவரும் நானும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரே விசிறியால் மாற்றி மாற்றி விசிறினோம்.

ஓடு கருகியதும் அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. பெயர்ந்து வந்தது. உள்ளே சதை வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஆனால் எவ்வளவு? முழ நீள மீனுக்கு ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் தலையும் ஓடும்.

"இம்புட்டு ஒடம்ப வச்சிக்கிட்டு இவ்வளவுதானா!" என்று அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"ஒங்க குட்டையிலதான் கொறைச்சல் இல்லியே, இன்னும் நாலு சுடுங்க" என்றார் சம்பந்தியம்மா. அன்றைக்கு அண்ணன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இலை போட்டார்கள். சம்பந்தியம்மா கை கழுவி வந்து நடுவில் உட்கார்ந்தார். நான் வாசலைப் பார்த்தேன். தூக்கை எடுத்துவரச் சொல்லி ரெக்ஸிடம் கண் காட்டுகிறாரா? இல்லை. அண்ணன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, உடைத்ததிலேயே பெரிய துண்டைத் தன் கையால் அந்த இலையில் வைத்தார். அண்ணி சோறு போட்டு, அவசரத்துக்கு வைத்த கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினார்.

சம்பந்தியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைந்தார். மீனைப் பிட்டு வாயில் வைத்தார்.

ஜெனி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"சேத்து வாடை அடிக்கிது" என்றார் சம்பந்தியம்மா.

அண்ணனின் முகம் செத்துவிட்டது.

"அடிக்கத்தான செய்யும்? சேத்துல வளந்தது வேற என்ன வாடை அடிக்கும்? எங்க மீனுல உப்பு வாடை அடிக்கலியா? நல்லா இருக்கு. சோறு போடுங்க." பிறகு நிமிர்ந்து ஜெனியைப் பார்த்தார். "நீ ஏண்டி நிக்கிற? வந்து பக்கத்துல ஒக்காரு."

ஜெனி உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் கண்ணிலும் பட்டிருந்தது.

அன்றைக்கு எங்கள் தெருவே வந்து சாப்பிட்டது. வீரையன் மூன்று மீனை உடைத்துத் தின்றுவிட்டு, "மீசை சக்கரும் இந்த ருசி இருக்குமா பிலோமி?" என்றார். என் கடைப்பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

தூக்குக்குள்ளே

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டார்கள். வாயை மூடிக்கொண்டு வழியனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஆட்டோவில் அந்தத் துண்டைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்துவிட்டது.

"கொண்டாந்த சோறு இந்த வெயில்ல கெட்டுப் போயிருக்குமே, சம்பந்தியம்மா?"

"எந்தச் சோறு?"

நான் தூக்கைக் காட்டினேன். அவர் துண்டை எடுத்தார். மூடியைத் திறந்து என் பக்கம் சாய்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்த வெறும் தூக்கு.

"வெறால் கொழம்பு வாங்கிட்டுப் போவத்தான். மொழ நீளம், மொழ நீளம்னு ஒங்க அண்ணன் போன்ல போட்ட சத்தம் எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுச்சே. 'அவுக வீட்டுச் சோறு எனக்கு எதுக்கு, ஒண்ணும் வேணாம்'னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு." துண்டை மடித்துச் சீட்டில் போட்டார். "காலையில பூசைக்கிக் கெளம்புறேன், வாசப்படியில இந்தத் தூக்கு கழுவி வச்சிருக்கு. வீட்டுல எங்க ரெண்டு பேரத் தவுர யாரு இருக்கா? நான் கழுவல."

அண்ணன் விறுவிறுவென்று வீட்டுக்குப் பின்னால் போனார். தணலில் கடைசியாக ஒன்று இருந்தது, அன்றைக்குப் பிடித்ததிலேயே பெரியது, முதன்முதலில் அவர் கைக்குச் சிக்கியதைவிடவும் பெரியது. அதை உடைக்காமல் ஓட்டோடு கொண்டுவந்து தலைகீழாகத் தூக்கில் இறக்கினார். பாதிதான் உள்ளே போனது. வால் வெளியே நின்றது. மூடியை வைத்து அமுக்கிப் பார்த்தார். எங்கே மூட?

"ரெண்டா ஒடைச்சிருவோம்" என்றார் அண்ணி.

"வேணாம் வேணாம். எம்மாம் பெருசுன்னு அவரும் பாக்கட்டும்" என்ற சம்பந்தியம்மா, மூடியை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது இங்கயே இருக்கட்டும். அவரு வந்து வாங்கிக்குவாரு."

ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும் வரை அந்த வால் சம்பந்தியம்மா மடிக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் குட்டையைக் காயவிட்டு, வளைகளை அடைத்து, வாய்க்கால் வாயில் வலை கட்டி, மழை வந்ததும் மறுபடி விரால் குஞ்சு விட்டார். இப்போது சாண் நீளத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்கிறார். அவர் சொல்லும் நீளத்தை நான் நம்புவதில்லை.

மூடியை அண்ணி விளக்கி, மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அவர்கள் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒருத்தர் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, "எங்க வீட்டு மூடி ஒண்ணு இங்க இருக்காமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். அண்ணி அவருக்கும் இலை போட்டார்.